ஓடச் சொன்னவர்களும் உட்காரச் சொன்னவர்களும்

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அதே வாரம், அவர் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியிலிருந்து மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும் காரில் வந்து இறங்கினார்கள். கையில் ஆப்பிள் பை, சத்துமாவு டப்பா. கூடவே ஒரு பதக்கம். நீல நாடாவில் தொங்கிய அந்தப் பதக்கத்தின் நடுவே சிவப்பாக ஓர் இதயம். அதைச் சுற்றி ‘ஓட்டத்தை நிறைவு செய்தவர்’ என்று எழுதியிருந்தது.

அண்ணன் அந்த ஓட்டத்தை நிறைவு செய்யவில்லை. பாதித் தூரம்கூடப் போகவில்லை. நாரணாபுரம் சாலையோரத்தில் ஒரு டீக்கடை முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுந்தார். இது மேனேஜருக்கும் தெரியும்.

“எந்திரிக்க வேண்டாம், அப்படியே உக்காந்திருங்க” என்று சொல்லிக்கொண்டே பதக்கத்தை அண்ணன் கழுத்தில் மாட்டினார். கூட வந்தவர் செல்போனை நீட்டிப் படம் எடுத்தார். அண்ணன் சிரித்தார். மேலே உள்ளவர்களைப் பார்த்தால் அவருக்குத் தானாக வருகிற சிரிப்பு அது.

“அண்ணன் கடைசிக் கோட்டைத் தொடவே இல்லையே சார். இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“முயற்சி பண்ணாருல்லம்மா. முயற்சிக்குத்தான் மரியாதை.”

“முயற்சி பண்ண வச்சது யாரு?”

மதினி என் கையைப் பிடித்து அடுப்படிப் பக்கம் இழுத்தார். “வந்தவுகள நிக்க வச்சுப் பேசாத பிள்ள. போய்க் காப்பியப் போடு” என்றார். நான் காப்பி போடவில்லை. பின்வாசல் வழியாக வெளியே போய், துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே இருந்து மேனேஜர் அண்ணனுக்குப் புத்தி சொல்வது கேட்டது. “இனிமே அசையவே கூடாது. நல்லா உக்காந்து ரெஸ்ட் எடுங்க.”

ஓடு என்று விரட்டியதும் அந்த வாய்தான். அசையாதே என்று சொன்னதும் அதே வாய்தான்.

நான் ஓடுகிறவள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அண்ணன் விழுந்ததற்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்த பேச்செல்லாம் கடைசியில் என் ஓட்டத்தில்தான் வந்து நின்றது.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தபோது அச்சகத்தில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். கையில் பிரஷர் பட்டை சுற்றிப் பார்த்த டாக்டர் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “உங்க வீட்ல யாருக்காவது நெஞ்சுவலி வந்திருக்கா?” என்று கேட்டார். எங்கள் அப்பா கரிசல் காட்டில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைத் தடவிக்கொண்டே வரப்பில் படுத்தவர். வாய்வு என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுத்தார்கள். சோடாவைக் குடித்தார், ஏப்பம் விட்டார், செத்துப்போனார். அப்போது எனக்குப் பள்ளிக்கூட வயது. வாய்வு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், நடக்கச் சொன்னார். நடந்தேன். சில மாதங்களில் நடை போதவில்லை. சும்மா ஒரு நாள் ஓடிப் பார்த்தேன். அடுத்த தெரு முனைக்குள் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். மறுநாளும் ஓடினேன். சுடிதார் போட்டுக்கொண்டு, மகனின் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, நாய்களுக்குப் பயந்துகொண்டு ஓடினேன். விடிகாலையில் கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி வேன்கள் என்னைக் கண்டதும் ஹாரன் அடிக்கும். உள்ளே இருக்கும் பெண்கள் ஜன்னல் வழியாகச் சிரிப்பார்கள். ஒரு நாள் ஒருத்தி, “யக்கா, பின்னாடி யாரு விரட்டுதாக?” என்று கத்தினாள். வேனே சிரித்தது.

வேகமாக ஓட எனக்கு வராது. ஆனால் நீண்ட தூரம் ஓட வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனைக்குட்டம் அணைவரை ஓடிப்போய், கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறித் திரும்புவேன். வருடங்கள் போகப் போக மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள். அச்சகத்து மாடிப்படியில் கட்டுக்கட்டாகத் தாள் தூக்கிக்கொண்டு ஏறினால் மற்றவர்களுக்கு இரைக்கும், எனக்கு இரைக்காது. எனக்கென்று நான் செய்துகொண்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அண்ணன் இதற்கு நேர் எதிர். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கம்பெனி காம்பவுண்டுக்குள் தீப்பெட்டிகூடக் கொண்டுபோகக் கூடாது என்பதால், வேலை முடிந்து வெளியே கால் வைத்ததும் பீடியைப் பற்றவைப்பார். தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்துவிட்டால் அவருக்கு ஞாயிறும் கிடையாது, தூக்கமும் கிடையாது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால், “பாத்தாத்தான் தாயி இருக்கும். பாக்காட்டா இல்ல” என்பார்.

அப்படிப்பட்ட சீசனின் நடுவில்தான் அந்த ஓட்டத்தை அறிவித்தார்கள். ஊரில் வசதியான சிலர் சேர்ந்து நடத்தினார்கள். இதயம் காக்க ஓடுவோம் என்று சந்திக்குச் சந்தி பேனர். கம்பெனிகள் தங்கள் பேர் போட்ட பனியனோடு ஆட்களை அனுப்ப வேண்டும். அதிக ஆட்களை இறக்குகிற கம்பெனிக்குக் கேடயம். அண்ணனின் கம்பெனியில் எல்லா போர்மேன்களுக்கும் பனியனைக் கையில் கொடுத்து, ஞாயிறு காலை மைதானத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வந்தால் வாருங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணன் பனியனோடு என் வீட்டுக்கு வந்தார். “ஏத்தா, அஞ்சு கிலோமீட்டருங்காக. எம்புட்டு தூரம் இருக்கும் அது? நீதான் தினம் ஓடுறவளாச்சே.”

“அண்ணே, நீங்க ஓடாதீக. பனியனப் போட்டுக்கிட்டு நடங்க. பேசிக்கிட்டே நடங்க. பேச முடியாம மூச்சு வாங்குச்சுன்னா நின்னுருங்க. யாரு கேட்டாலும் கால் வலிக்குன்னு சொல்லுங்க.”

“நடந்தாப் போதும்ல?”

“போதும்.”

அவர் நிம்மதியாகத்தான் போனார். பனியன் வயிற்றுப் பக்கம் இறுக்கமாக இருக்கிறதே என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது.

நானும் அந்த ஓட்டத்தில் பேர் கொடுத்திருந்தேன், பத்து கிலோமீட்டருக்கு. அன்று காலை மைதானத்தில் பாட்டு அலறியது. மேடையில் நடனமாடச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய மனிதர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் இதயத்தைப் பற்றிப் பேசினார்கள். சொன்ன நேரத்தைத் தாண்டி, வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் கொடியசைத்தார்கள். முந்தின நாள் மாலைவரை லோடு ஏற்றிவிட்டு வந்திருந்த ஆட்கள் வெறும் வயிற்றோடும் ரப்பர் செருப்போடும் நின்றார்கள்.

நான் திருப்பம்வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வந்துகொண்டிருந்தேன். டீக்கடை முன்னால் கூட்டம். நின்றவர்கள் அண்ணன் கம்பெனியின் மஞ்சள் பனியன் போட்டிருந்தார்கள். விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அண்ணன் கடை பெஞ்சில் சாய்ந்து கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. பனியன் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. இடது கையைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஒருவர் கையில் சோடா பாட்டில். “வாய்வுதான்மா. வெறும் வயித்துல ஓடுனா இப்படித்தான் பிடிக்கும். ஒரு ஏப்பம் விட்டார்னா சரியாயிரும்” என்றார்.

அந்த பாட்டிலைத் தட்டிவிட்டேன். அவர்மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் அந்தச் சோடாவைப் பார்த்த நொடியில் கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. “ஆம்புலன்ஸ் எங்க? இதயத்துக்குன்னுதான ஓட விடுறீக, ஆம்புலன்ஸ் எங்க இருக்கு?” என்று கத்தினேன்.

ஆம்புலன்ஸ் இருந்தது. மைதானத்தில், மேடைக்குப் பின்னால். அதன் முன்னால் பெரிய மனிதர்களின் கார்கள் நின்றன. பரிசளிப்புக்காகப் போட்ட நாற்காலி வரிசைகளும் வழியை அடைத்திருந்தன. போன் செய்தவர்களுக்கு, “இந்தா எடுத்துட்டோம், இந்தா வந்துருச்சு” என்றே பதில் வந்தது. காத்திருக்க என்னால் முடியவில்லை. அட்டைப் பெட்டி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு சின்ன லோடு வண்டியை நடுரோட்டில் நின்று மறித்தேன். அந்த டிரைவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பெட்டிகளை ரோட்டோரம் இறக்கினார். அண்ணனை அட்டைகளின்மேல் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அண்ணன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “நடந்துதான் தாயி போனேன். நடந்துதான் போனேன்.”

அதற்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய கம்பெனியில் ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோவை எனக்குக் காட்டினார். அண்ணனும் இன்னும் சிலரும் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். மேனேஜர் பைக்கில் பக்கத்தில் வருகிறார். பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் கேமரா. “என்னய்யா இது, சாவு ஊர்வலம் மாதிரி போறீங்க. கம்பெனி மானத்தை வாங்காதீங்க. ஓடுங்க, ஓடுங்க” என்று மேனேஜரின் குரல். போர்மேன் நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள் என்று அண்ணனைத்தான் குறிவைத்துச் சொல்கிறார். அண்ணன் அந்தச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு ஓடத் தொடங்குகிறார். தொப்பை குலுங்க, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓடுகிறார். பைக் கூடவே வருகிறது. நின்றுவிட முடியாதபடி கூடவே வருகிறது. பைக்கிலிருந்து எடுத்த படத்தை கம்பெனி முதலில் ஸ்டேட்டஸில் வைத்திருந்ததாம், பெருமையாக. செய்தி தெரிந்ததும் எடுத்துவிட்டார்களாம்.

இங்கே ரத்தக்கட்டி கரைய மருந்து போட்டு, மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, டிவிக்கு எதிரே. காலையில் உட்கார்ந்தால் சாப்பாடும் அங்கேயே, மாத்திரையும் அங்கேயே. குளிக்கத் தண்ணீரை மதினி மோந்து ஊற்றினார். செருப்பைக்கூட அவரைக் குனிந்து மாட்டவிடவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடினார்கள். ஓடியதால்தான் வந்தது. ஓடினால் இதயம் தேய்ந்துவிடும். ஒரு இதயத்துக்கு இவ்வளவு துடிப்பு என்று கணக்கு உண்டாம், ஓடுகிறவர்கள் அதைச் சீக்கிரம் செலவழித்துவிடுகிறார்களாம்.

மதினி என்னிடம் நேருக்கு நேராகவே கேட்டார். “நீ ஓடுறதப் பாத்துத்தான அவருக்கும் அந்தத் தைரியம் வந்துச்சு? தங்கச்சி ஓடும்போது அண்ணன் ஓடக் கூடாதான்னு நெனச்சிருப்பாரு.”

“ஓடாதீகன்னு சொன்னவளே நான்தான் மதினி. வெரட்டுனது யாருன்னு வீடியோவுல இருக்கு. அவுக வந்தா காப்பி போடச் சொல்றீக. பழிய மட்டும் என் தலையில போடுறீக.”

“அவுகள என்னால கேக்க முடியாது பிள்ள. ஒன்னத்தான் கேக்க முடியும்” என்றார் மதினி. சொல்லிவிட்டு அழுதார். அதற்கு மேல் அவரிடம் சண்டை போட எனக்கு வரவில்லை. ஆனால் கோபம் தீரவும் இல்லை.

அந்தப் பேச்சு என் வீட்டுக்குள்ளும் வந்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் பயந்துவிட்டார். எங்கள் அப்பா, இப்போது அண்ணன், அடுத்து நான் என்று அவர் மனதில் ஒரு வரிசை ஓடியிருக்கிறது. என்னை வற்புறுத்தி ஊரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப்போனார். ஈசிஜி எடுத்த பையன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி எடுத்தான். “நாடி ரொம்ப ஸ்லோவா இருக்கு. உடனே பெரிய டாக்டரப் பாருங்க” என்றான். அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் நான் ஓடும்போது போடும் ஷூவை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார்.

நான் கத்தவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கீழே எடுத்தேன். “டாக்டர் சொல்லட்டும், நிறுத்துறேன். ஊர் சொல்லி நிறுத்த மாட்டேன்” என்றேன்.

அண்ணனை மறுபரிசோதனைக்கு மதுரைக்கு அழைத்துப் போகும் நாளில் எனக்கும் சேர்த்துப் பார்ப்பது என்று முடிவானது. அண்ணன், மதினி, நான், வீட்டுக்காரர் நான்கு பேரும் போனோம். டாக்டர் ஒரு பெண். எப்போதும் அவசரத்தில் இருப்பவர், ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

அண்ணனைப் பரிசோதித்துவிட்டு, “எவ்வளவு நடக்கிறீங்க?” என்று கேட்டார்.

அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி பெருமையாக, “ஒரு எட்டு வைக்க விடுறதில்லங்க டாக்டரம்மா. எல்லாம் நாற்காலியிலேயேதான்” என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “டிஸ்சார்ஜ் அன்னைக்கே நடக்கணும்னு சொன்னேனே. கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும்னு சொன்னேனே. உட்கார வச்சே இவரை மறுபடி இங்க கொண்டுவரப் போறீங்களா?”

“ஓடுனதாலதான வந்துச்சு…” என்று மதினி இழுத்தார்.

“அடைப்பு பல வருஷமா வளர்ந்தது. பீடி, சர்க்கரை, அவங்க அப்பா வழி, உடம்பை அசைக்காதது, எல்லாம் சேர்ந்து. பழக்கமே இல்லாத உடம்பைத் தூக்கமும் இல்லாம வெயில்ல ஒரே நாள்ல விரட்டினது அதைக் கிளப்பிவிட்டுடுச்சு. தினமும் பழகி ஓடுறது வேற, விரட்டி ஓட வைக்கிறது வேற. முதல்ல சொன்னது மருந்து. ரெண்டாவது சொன்னது ஆபத்து. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க.”

எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. என் முறை வந்தது. எக்கோ எடுத்தார்கள். மயக்கம் வருமா, படபடப்பு உண்டா, ஓடும்போது நெஞ்சு இறுகுமா என்று டாக்டர் வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். “இது நல்லாப் பழகின இதயம். ஒரு துடிப்புல நிறைய ரத்தத்தைத் தள்ளுது. அதனால சும்மா இருக்கும்போது மெதுவாத் துடிச்சாலே போதும்” என்றார். நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த இதயப் படத்தை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம்” என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு. “ஓடுறவங்களுக்கு ஒண்ணும் வராதுன்னு கிடையாது. வருஷக்கணக்கா ரொம்பக் கடுமையா ஓடுறவங்க சிலருக்குத் துடிப்பு தாளம் தப்பும். காய்ச்சல் இருந்தா ஓடாதீங்க. படபடன்னு வந்தா, தலை சுத்தினா, ‘நான் ஓட்டக்காரி’ன்னு சமாளிக்காம நேரா வாங்க. பிரஷர் மாத்திரையையும் நீங்களா நிறுத்தக் கூடாது.”

ஒரு கணம் அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. வாதத்தில் முழு வெற்றி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்ல வேண்டுமா என்று. பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தால், எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்லாத டாக்டர் என்பதால்தான் மற்றதையும் நம்ப முடிந்தது.

மறுநாளே விடிகாலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கம்பெனி வேன்கள் வரத் தொடங்கும் முன் தெரு காலியாக இருக்கும். அண்ணன் வாசலைத் தாண்டினார், நாலு வீடு நடந்தார், நின்றுவிட்டார். கை தானாக நெஞ்சுக்குப் போனது.

“வலிக்கா?”

“இல்ல.”

“பெறகு?”

“பயமாருக்கு தாயி. இப்ப துடிக்கிறது எனக்குக் கேக்குது. இதுக்கு முன்னாடி எனக்குக் கேட்டதே இல்ல.”

அன்று அங்கிருந்தே திரும்பினோம். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஜன்னல்களிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். “இவ ஆளக் கொல்லப் பாக்குதா” என்று ஒரு குரல் காதில் விழும்படியே சொன்னது. நின்று அந்த வீட்டு வாசலைப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தெருமுனையைத் தாண்டிப் போகப் பழகிய பிறகு ஒரு நாள், நடந்துகொண்டே அண்ணன் சொன்னார். “ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஓட்டத்துக்கு முன்னாடியே எனக்கு நெஞ்சப் பிடிச்சிருக்கு. குடோன் படியேறும்போது ரெண்டு மூணு தடவ வந்துச்சு. நின்னா சரியாயிரும்.”

நான் நின்றுவிட்டேன். “எங்கிட்ட சொல்லலியே. பனியனத் தூக்கிட்டு வந்து எம்புட்டு தூரம்னு கேட்டீகளே, அப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல. அப்பா எப்படிப் போனாகன்னு தெரியும்ல உங்களுக்கு?”

“சொன்னா நீ ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவ. அவுக ரெஸ்ட் எடும்பாக. சீசன்ல ரெஸ்ட் எடுத்தா, சீசன் முடிஞ்சு வரும்போது என் எடத்துல வேற ஆள் நிப்பான்.”

ரோட்டில் வைத்து அவரைத் திட்டினேன். சின்ன வயதிலிருந்து அவரை நான் அப்படிப் பேசியதில்லை. தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திட்டித் தீர்ந்த பிறகு, அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பது உறைத்தது. அவர் இடத்தில் உண்மையிலேயே வேறு ஆள் வந்துவிட்டார். அண்ணன் வேலைக்குத் திரும்பியபோது, உடம்புக்கு ஆகாது என்று சொல்லி கேட்டில் உட்கார வைத்தார்கள். வருகிற போகிற வண்டியைப் பார்க்கும் வேலை. அங்கேயும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

மறு வருடம் மறுபடியும் பேனர் கட்டினார்கள். ஓட்டத்தை நடத்துகிறவர்களில் முக்கியமான ஒருவரை அவருடைய ஆபீசில் போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டார். உள்ளே வரவில்லை, ஆனால் வாசலிலேயே காத்திருந்தார்.

அந்தப் பெரிய மனிதர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். நான் கேட்டது அதிகமில்லை. வெயில் ஏறும் முன் தொடங்குங்கள். ஆம்புலன்ஸை மேடைக்குப் பின்னால் நிறுத்தாமல் ஓடுகிற வழியில் நிறுத்துங்கள். கம்பெனி ஆட்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். சீசன் முடிந்த பிறகு வையுங்கள். பழகுவதற்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

“ஒரு சம்பவம் நடந்துச்சுங்கிறதுக்காக நல்ல காரியத்தக் குறை சொல்லலாமா? ஊருக்காகத்தான பண்றோம்” என்றார்.

“நல்ல காரியந்தான் சார். நானே தினம் ஓடுறேன். அதனாலதான் கேக்க வந்தேன். நீங்க நடத்துறதுல ஊர் ஓடுறதையே வெறுத்துருச்சு.”

குறித்துக்கொள்கிறேன் என்றார். அவர் குறித்துக்கொண்டதன் பலன் பேர் கொடுக்கும் இடத்தில் தெரிந்தது. புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள்: இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கலந்துகொள்ளவும், அசம்பாவிதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. நான் கேட்டதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. நான் கேட்காத ஒன்றைச் செய்து தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அண்ணனை மேடையேற்றிச் சால்வை போடுகிறோம் என்று கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது என்று அண்ணன் சொல்லிவிட்டார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

வேலை உண்மையிலேயே இருந்தது. அந்த ஞாயிறு காலை மூன்று பேரும் முதல் பஸ்ஸில் ஆனைக்குட்டம் போனோம். ஆமாம், மதினியும். நடக்க அல்ல, அவரைக் கண்காணிக்க என்று சொல்லிக்கொண்டு வந்தார். அணையில் தண்ணீர் குறைவு. கரை மண் இன்னும் சூடேறவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “டாக்டரம்மா லேசா ஓடலாம்னுட்டாகல்ல?” என்று அண்ணன் கேட்டார். போன மறுபரிசோதனையில், மிஷின் மேல் நடக்க வைத்துப் பார்த்துவிட்டு அனுமதித்திருந்தார்கள். நான் தலையாட்டினேன். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நடையைவிடக் கொஞ்சம் கூடுதல். கேமரா இல்லை, பைக் இல்லை. ஒரு சின்ன வளைவுவரை போனார். தானாக நின்றார். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டார். “இன்னைக்கு இது போதும்” என்றார்.

கரைமேல் மாட்டுக்குப் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு மொபெட்டில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், விஷயம் தெரிந்தவர். “அண்ணாச்சி, பாத்து. நெஞ்சு போயிரப் போகுது” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். “போன நெஞ்சுதான்யா இது. மதுரைக்குப் போயித் திரும்ப வாங்கிட்டு வந்துருக்கேன். நீ ஒரு நாளைக்கு அந்த வண்டிய வீட்ல போட்டுட்டு நடந்து வா.”

அவர் மொபெட்டை முடுக்கிக்கொண்டு போய்விட்டார். மதினி சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் மூச்சு சீராகும்வரை நின்றார். பிறகு மூன்று பேரும் கரையின் மறுமுனையைப் பார்த்து நடந்தோம்.